நாலு வருஷக் கூடாரமும் ஒரு ஜிப்பும்

என் கூடாரக் கதவு ஜிப்பின் ஸ்லைடரை, அதாவது இழுத்துத் திறந்து மூடும் துண்டை, மாற்றித் தைத்த கையோடு இதை எழுதுகிறேன். இந்தக் கூடாரத்தின் விலை இப்போது குறைந்திருக்கிறது. கோரமங்களா நண்பர் ஒருவர், "அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் தீவான மாஜுலிக்கு நாலு பைக்கில் கிளம்புகிறோம், இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு பேர் படுக்கலாம், இரட்டை அடுக்கு, அலுமினியக் கம்பி, எடை மூன்று கிலோவுக்குள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். தெரியாமல் போவது கதவின் ஜிப்தான்.

அது ஐந்தாம் நம்பர் நைலான் காயில் ஜிப்: நைலான் இழைச் சுருளே பற்களாக இருக்கும், நம்பர் கூடினால் ஜிப்பும் பெரிது. பற்களைக் குறை சொல்ல முடியாது. நாலு வருஷத்தில் ஒன்றுகூட விலகவில்லை. தேய்வது ஸ்லைடர். துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னத் துண்டு அது. பிரம்மபுத்திராவின் மணல் திட்டுகளில் கிடப்பது கடற்கரையில் பார்க்கும் பருமணல் இல்லை, மாவு மாதிரி வண்டல். பருமணல் உதறினால் போய்விடும், வண்டல் போகாது. இரவுப் பனியில் நனைந்த ஜிப்பில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்லைடரின் உள்வாயை அரம்போல ராவும். வாய் ஒரு நூல் அகன்றாலே இரண்டு பக்கப் பற்களையும் சேர்த்து அழுத்தும் பிடி போய்விடுகிறது. ஸ்லைடர் முன்னே போகும், பின்னால் ஜிப் வாயைப் பிளந்து நிற்கும். முதலில் பிளப்பது டி வடிவக் கதவின் கீழ் வளைவில், துணி அதிகம் இழுபடும் இடத்தில்.

எட்டாம் நம்பர் ஜிப் வைத்திருந்தால் எடை கொஞ்சம்தான் கூடியிருக்கும். எடைப் பட்டியலில் அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்க ஒரு கதவையே பலி கொடுத்திருக்கிறார்கள். தயாரித்தவர்களிடம் கேட்டால் தேய்மானம் உத்தரவாதத்தில் வராது என்கிறார்கள். ஸ்லைடரைத் தனியாக விற்பதும் கிடையாது. கோபம் வராமல் என்ன செய்யும்?

முகாமிலேயே பிளந்துவிட்டால் டூல் கிட்டில் இருக்கும் சின்னக் குறடு போதும். ஸ்லைடரைக் கதவு முழுதாகத் திறக்கும் முனைக்குக் கொண்டுபோய், அதன் பின்விளிம்பை இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை மெதுவாக அழுத்தி, ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி கொஞ்சம். ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்த உலோகம் வளையாது, விரிசல் விட்டுவிடும். இது சில இரவுகளுக்கான வைத்தியம் மட்டுமே.

நிரந்தர வழி ஸ்லைடரை மாற்றுவது. பெங்களூரில் சிக்பேட்டையை ஒட்டிய மாமூல்பேட்டையில் தையல் சாமான் கடைகள் இருக்கின்றன. ஒரு ஸ்லைடரின் விலை இரண்டு டீக்குள் அடங்கும். கேட்கும்போது சரியாகக் கேட்க வேண்டும்: ஐந்தாம் நம்பர், காயில் ஜிப்புக்கானது, தானாகப் பூட்டிக்கொள்ளாதது, உள்ளேயும் வெளியேயும் புல்லர் (பிடித்து இழுக்கும் நாக்கு) உள்ளது. தோள்பைகளுக்குப் போடும் ஒற்றைப் புல்லர் ஸ்லைடரை மாட்டிவிட்டால் உள்ளே படுத்தவர் கதவைத் திறக்கத் திண்டாடுவார். பழைய ஸ்லைடரின் முதுகில் நம்பர் பொறித்திருக்கும், அதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஜிப்பின் முனையில் இரண்டு சென்டிமீட்டர் தையலைப் பிரித்து, பழையதை உருவி, இரண்டு நாடாக்களையும் சமமாக நுழைத்து இழுக்க வேண்டும். ஒரு பல் முன்பின் ஆனாலும் மறுமுனையில் கதவு கோணிக்கொள்ளும். கடைசியில் பாலியஸ்டர் நூலால் எட்டு பத்து சுற்று தைத்து முனையை அடையுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

தேய்மானத்தைத் தள்ளிப்போட முடியும். கதவுகளை மூடி வைத்துவிட்டு முளை அடியுங்கள். திறந்து வைத்து இழுத்துக் கட்டினால் பிறகு மூடும்போது முழு இழுவிசையும் ஸ்லைடர் மேல் விழும். காலையில் பழைய பல்துலக்கியும் ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரும் கொண்டு வண்டலைக் கழுவி, காய்ந்தபின் மெழுகுவர்த்தியைப் பற்களின் மேல் தேயுங்கள். பைக்கோடு செயினுக்குப் போடும் மசகெண்ணெய் இருக்கிறதே என்று அதை அடித்துவிடாதீர்கள். எண்ணெய்ப்பசையில் வண்டல் ஒட்டி, அந்தக் கலவையே அரைக்க ஆரம்பித்துவிடும்.

மற்றதெல்லாம் அருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பி ஒன்றுகூட வளையவில்லை. தரைத்துணியில் ஈரம் ஏறவில்லை. உள்கூடாரம் தானாக நிற்பதால் முளை பிடிக்காத மணலிலும் முதலில் அதை நிறுத்திவிடலாம். கூட வந்த பதினெட்டு சென்டிமீட்டர் முளைகள் மாஜுலி மணலில் உதவாது. அரை மீட்டர் மூங்கில் குச்சி வெட்டி அடிக்கலாம். அல்லது சின்னப் பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி ஓர் அடி ஆழத்தில் புதைக்கலாம். மேல்துணியின் பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டத் தவறினால் பனியில் துணி தொய்ந்து உள்துணியைத் தொடும், விடியற்காலையில் தூங்கும் பை நனைந்திருக்கும். அங்கே டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. கரையிலுள்ள நிமாதி படகுத்துறையிலிருந்து தீவின் கமலாபாரிக்குப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம், இருட்டியபின் கிடையாது. பெங்களூர் வழக்கப்படி ஆறு மணிக்குக் கூடாரம் போடலாம் என்று நினைத்தால் டார்ச் வெளிச்சத்தில்தான் போட வேண்டியிருக்கும். படகின் பலகையில் பைக்கை ஏற்றுமுன் பக்கப்பைகளைக் கழற்றிவிடுவதும் நல்லது.

இவ்வளவு பாராட்டியபின்பும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கம்பியும் தரையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொசு மொய்க்கும் ஆற்றுத்தீவில் மூடாத கதவோடு படுக்க முடியாது. குறைந்த விலையும் அதற்கு ஈடாகாது. மீறி வாங்குவதென்றால் கிளம்புமுன் நாலு ஸ்லைடர், ஓர் ஊசி, பாலியஸ்டர் நூல்கண்டு, ஒரு மெழுகுவர்த்தி இவற்றைக் கம்பிப் பைக்குள் போட்டுவிடுங்கள். பெட்டிக்குள் போட்டால் இருட்டில் தேட வேண்டிவரும்.