ஆல்டோ வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஐந்து 'மெசையா'

எங்கள் பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி, பாட வந்து 31 வருடம் ஆகிறது. மெட்டு உயர்ந்த பெண் குரலான சொப்ரானோவுக்கு, உச்சம் உயர்ந்த ஆண் குரலான டெனருக்கு, அதிர்வு தாழ்ந்த ஆண் குரலான பேஸுக்கு. எங்களுக்குக் கிடைப்பது நடுவில் இரண்டு மூன்று சுரம். அதையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருப்போம். ஆராதனை முடிந்ததும் சபையார் கைகுலுக்குவது முன்வரிசைச் சொப்ரானோக்களோடுதான். ஆகவே, இயேசுவைப் பற்றி ஹேண்டல் என்ற இசையமைப்பாளர் எழுதிய 'மெசையா' என்ற நீண்ட இசைப் படைப்பின் ஒலிப்பதிவு எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: ஆல்டோ காதில் விழுகிறதா?

ஹேண்டல் எங்களை மறந்துவிடவில்லை. 1741 ஆகஸ்ட் 22ஆம் தேதி எழுத உட்கார்ந்து, 24 நாளில் முடித்தார். அதில் முதல் கோரஸ், அதாவது குழு முழுதும் சேர்ந்து பாடும் பாட்டு, 'அண்ட் த குளோரி ஆஃப் த லார்ட்'. வயலின்கள் துள்ளி முடிந்ததும் தனியாக உள்ளே நுழைவது ஆல்டோதான். ஐந்தாறு நொடி. அப்புறம் எல்லாரும் வந்து மூடிவிடுவார்கள். அந்த ஐந்தாறு நொடி என் முதல் பரீட்சை.

இரண்டாவது பரீட்சை 'ஹீ வாஸ் டிஸ்பைஸ்ட்' என்ற தனிப்பாடல். ஏசாயா 53. நம் பழைய வேதாகமத்தில் 'அசட்டைபண்ணப்பட்டவர்' என்றிருக்கும். ஆங்கிலச் சொல்லில் வெறுப்பு இருக்கிறது. அசட்டையில் அதுகூட இல்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காமலே தாண்டிப் போவது அது. எனக்கு அதுதான் வலிக்கும். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் இதைப் பாடியவர் சூசன்னா சிப்பர் என்ற நடிகை. லண்டனில் ஒரு வழக்கில் பெயர் கெட்டு ஒதுங்கி இருந்தவர். அவர் பாடியதைக் கேட்ட டிலேனி என்ற குருவானவர், "பெண்ணே, இதற்காகவே உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார் என்பார்கள். அப்படிச் சொல்ல வைக்கும் குரல் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமாகத் தேடுகிறேன்.

ஒவ்வொரு பதிவையும் அதை நடத்தியவர் பெயரால் சொல்கிறேன். முதலில் பீச்சம், 1959. இசையமைப்பாளர் யூஜின் கூசன்ஸை வைத்து வாத்தியங்களைக் கூட்டி எழுதச் சொன்னார். ஹேண்டல் கனவிலும் நினைக்காத தாளத்தட்டு, முக்கோண மணி எல்லாம் வரும். 'அல்லேலூயா'வில் தாளத்தட்டு மோதும்போது எங்கள் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பாத்திரம் விழுந்துச்சா?" என்றார். டெனர் ஜான் விக்கர்ஸ் பாடுவது தீர்க்கதரிசியே வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். ஆல்டோவா? கடலில் கரைத்த பெருங்காயம். ஆனாலும் டிசம்பரில் அச்சு முறுக்கு சுடும் அன்று எனக்கு இதுதான் வேண்டும். எண்ணெய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

காலின் டேவிஸ், 1966. குழுவைச் சிறிதாக்கி, பழைய பாரத்தை இறக்கி வைத்த பதிவு. துப்புரவாக இருக்கும், ஹெலன் வாட்ஸ் நல்ல ஆல்டோ. குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்ப எடுத்துக் கேட்கவும் எனக்குத் தோன்றுவதில்லை.

ஹாக்வுட்டின் பதிவை முதன்முதலில் இங்கே சிங்கப்பூரில் எஸ்பிளனேட் கலையரங்கின் மூன்றாம் மாடி நூலகத்தில் கேட்டேன். 1754இல் லண்டன் அனாதைச் சிறுவர் விடுதிக்காக ஹேண்டல் நடத்திய வடிவத்தை 1979இல் பதிவுசெய்தது. ஆக்ஸ்ஃபோர்டு கிரைஸ்ட் சர்ச் பேராலயக் குழு, பழங்கால வாத்தியங்கள். தனிப்பாடல் பாடும் சொப்ரானோ எம்மா கிர்க்பியின் குரல் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் போல அவ்வளவு சுத்தம். ஆனால் கோரஸில் சொப்ரானோ பாடுவது சிறுவர்கள், ஆல்டோ பாடுவது ஆண்கள். என் வரிசையில் எனக்கே இடமில்லை!

தட்டை வாங்கி வந்து கூடவே பாடிப் பழகலாம் என்று மகனின் பழைய யமஹா கீபோர்டைத் திறந்தால் சுருதி சேரவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதென்று மகனைத் திட்டினேன். பழங்கால வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் இன்றைய சுருதிக்கு அரைச் சுரம் கீழே வாசிப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று குறைத்ததும் ஒட்டிக்கொண்டது. மகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது வேறு கதை.

மேக்கரஸ், இதுவும் 1966. இதை இணையத்தில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் முதல் தட்டு சரி, இரண்டாவது இடத்தில் ஏதோ விமான நிலையக் கடைகளில் போடும் சாக்ஸஃபோன் இசை. விற்றவர் பதில் போடவில்லை. வேறொரு பிரதி கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று.

காத்திருந்தது வீண்போகவில்லை. இதில் 'ஹீ வாஸ் டிஸ்பைஸ்ட்' பாடுவது ஜேனட் பேக்கர். அந்தப் பாட்டில் ஓரிடத்தில் வாத்தியங்கள் நின்றுவிடும். குரல் மட்டும் "டிஸ்பைஸ்ட்" என்று சொல்லும், பிறகு "ரிஜெக்டட்". ஒவ்வொன்றுக்கும் பிறகு வயலின்கள் மெல்ல ஏதோ ஆறுதல் சொல்வது போல வரும். பலர் இங்கே அழுவது மாதிரிப் பாடுவார்கள். பேக்கர் அழவில்லை. நடந்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தவர், உட்கார்ந்து மெதுவாகச் சொல்வது போலப் பாடுகிறார். நடுப்பகுதியில் இயேசுவின் முதுகில் அடி விழுவதை வயலின்களே அடிக்கும். அது முடிந்து முதல் பகுதி திரும்ப வரும்போது ஓரிரண்டு சுரங்களை மட்டும் லேசாக வளைக்கிறார். அலங்காரம் என்றே தெரியாது. சொன்ன துக்கத்தை இரண்டாம் முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் வேறாகுமே, அது. சாவு வீட்டில் மூத்த அக்கா ஒருவர் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அசட்டை என்ற சொல் எனக்குப் புரிந்தது இந்தப் பதிவில்தான். கோரஸ் பாடும் அம்புரோசியன் குழுவும் சுறுசுறுப்பு. ஆனால் என் ஐந்தாறு நொடி அங்கே சுமார்தான்.

அந்த நொடிகளுக்கு டனீடின் கன்சார்ட் என்ற குழுவின் பதிவு. 2006இல் வந்தது, ஜான் பட் நடத்தியது, டப்ளின் முதல் அரங்கேற்றத்தின் வடிவம். கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபியில் பழைய தட்டுகளைக் கிளறும்போது 12 வெள்ளிக்குக் கிடைத்தது. மொத்தக் கோரஸே ஒரு டஜன் பேர் அளவுதான். தனிப்பாடல் பாடுகிறவர்களே கோரஸிலும் நின்று பாடுகிறார்கள். அதனால் 'அண்ட் த குளோரி'யில் ஆல்டோ நுழையும்போது 'ஒரு பகுதி' என்று கேட்காது, ஆட்கள் கேட்பார்கள். மூச்சு இழுப்பது கேட்கும். மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகும் அந்த இழை அறுவதில்லை.

போன வருடம் புதிதாக எங்கள் வரிசைக்கு வந்த பெண் பிள்ளை, பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், தன் பகுதி பிடிபடவே இல்லை என்று அழாத குறை. பயிற்சி முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்து இதைப் போட்டுக் காட்டினேன். நொவீனா தாண்டும்போது என் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, இது நம்ம பார்ட்டா? இவ்வளவு அழகாவா இருக்கு?" என்றாள். பீஷானில் இறங்க வேண்டியவள் ஈசூன் வரை என்னோடு வந்தாள்.

இந்தப் பதிவிலும் குறை உண்டு. 'அல்லேலூயா'வுக்கு எழுந்து நின்றே பழகியவர்களுக்கு இங்கே எழத் தோன்றாது. ஒரு டஜன் பேரின் சத்தம் அவ்வளவுதான். அதற்குப் பீச்சமிடம் போங்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவேன் என்பவர்களுக்கு டனீடின். கோரஸில் பாடுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு வாங்க முடிந்தால் மேக்கரஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் இரண்டாம் தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். செயலியில் கேட்பவர்கள் 'ஹீ வாஸ் டிஸ்பைஸ்ட்' எத்தனை நிமிடம் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். பத்து நிமிடத்தை ஒட்டி இருந்தால் முழுசு. ஐந்துக்குள் முடிந்தால் நடுப்பகுதியை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நாங்களும் வெட்டித்தான் பாடுகிறோம், கடைசி பேருந்துக்காக.