ஒரே ரெப்போ, மூன்று கிளோன்கள்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரே மென்பொருளின் ரெப்போவை (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்பை) என் கணினியில் மூன்று கிளோன்களாக, அதாவது தனித்தனி நகல்களாக, வைத்து வேலை செய்யத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றில் புதிய வசதிகளை எழுதுகிறேன். இன்னொன்று, பயனர்களிடம் ஏற்கெனவே சென்றுவிட்ட பழைய பதிப்பின் பிழைதிருத்தத்துக்கு. மூன்றாவதில் சக நிரலாளர்களின் மாற்றங்களை இறக்கி இயக்கிப் பார்த்துவந்தேன். இப்பழக்கம், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மெர்க்கூரியல் என்ற கருவியிலிருந்து வந்தது. நான் இப்போது பயன்படுத்தும், அதே வகைக் கருவியான கிட் தொடங்கிய அதே 2005 ஏப்ரலில் தொடங்கிய அக்கருவியில், வேலைக்கு ஒரு கிளோன் என்பது பலரும் பின்பற்றிய முறை.

கிட்டில் ஒரு பிராஞ்சிலிருந்து (தனியாகக் கிளைத்துச் செல்லும் மாற்றத் தொடரிலிருந்து) இன்னொன்றுக்கு மாறுவது நொடி வேலைதானே என்று கேட்பார்கள். உண்மைதான், அதற்குப் பின் வருவதுதான் நேரத்தை விழுங்குகிறது. இரண்டு பிராஞ்ச்களுக்கும் இடையே வேறுபடும் கோப்புகளை கிட் திரும்ப எழுதும்போது அவற்றின் மாற்ற நேரம் புதிதாகிவிடுவதால், அந்த நேரத்தை நம்பி இயங்கும் மேக் (make) போன்ற பில்டு கருவிகள் அவற்றையும் அவற்றைச் சார்ந்த அனைத்தையும் மீண்டும் கம்பைல் செய்கின்றன, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றுகின்றன. பழைய பதிப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டுத் திரும்புவதற்குள், போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையுமாக நீண்ட பில்டுக்குக் காத்திருந்தேன். தனித்தனி கிளோன்கள் வந்தபின் அந்தக் காத்திருப்பு அறவே நின்றது.

வட்டில் இடம் போய்விடுமே என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. ஒரே கோப்பு முறைமைக்குள் கோப்புறையின் பாதையைக் கொடுத்து கிளோன் செய்தால், கிட் ஆப்ஜெக்ட் கோப்புகளை (வரலாற்றைச் சேமிக்கும் கோப்புகளை) நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க் (வட்டிலுள்ள அதே தரவுக்கு இன்னொரு பெயர்) போடுகிறது; அக்கோப்புகள் எழுதப்பட்டபின் திருத்தப்படுவதில்லை என்பதால் ஒரு கிளோனின் வேலை மற்றொன்றைக் கெடுப்பதில்லை. ஏதேனும் ஒரு கிளோனில் ரீபேக் (ஆப்ஜெக்ட்களை மீண்டும் சுருக்கிக் கட்டும் வேலை) நடந்தால் புதிய பேக் கோப்பு உருவாகி இந்தச் சேமிப்பு குறையும், அவ்வளவுதான். ‘ஷேர்டு’ என்ற விருப்பத்தேர்வை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: அது மூலத்தின் ஆப்ஜெக்ட்களையே நம்பியிருப்பதால், மூலத்தில் தேவையற்றவை எனக் கருதி நீக்கப்படும் ஆப்ஜெக்ட் கிளோனுக்குத் தேவையானதாக இருந்தால் கிளோன் பழுதாகிவிடும்.

என்னை முதலில் இடறவைத்தது ஆரிஜின், அதாவது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கிளோன் நினைவில் வைக்கும் முகவரி. உள்ளூர் கோப்புறையிலிருந்து எடுத்த கிளோனின் ஆரிஜின் அந்தக் கோப்புறைதான், சர்வர் அல்ல. புதிய பிராஞ்சை புஷ் செய்தேன் (ஆரிஜினுக்கு அனுப்பினேன்), வெற்றி என்று வந்தது, நிம்மதியாக எழுந்து போனேன். மறுநாள் பார்த்தால் அது பக்கத்துக் கோப்புறையில் இருந்தது. இப்போது கிளோன் எடுத்ததும் முதல் வேலை ஆரிஜினைச் சர்வர் முகவரிக்கு மாற்றுவதுதான். அந்த ரெப்போவுக்கென்று தனியாக வைத்த கான்ஃபிக் அமைப்புகளும் ஹூக்குகளும் (குறிப்பிட்ட கட்டங்களில் தானாக இயங்கும் சிறு நிரல்களும்) கிளோனில் வருவதில்லை. அதனால் தவறான மின்னஞ்சலுடன் சில கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) போய், பின்னர் திருத்த வேண்டியிருந்தது.

ஸ்டாஷும் (கமிட் செய்யாமல் தற்காலிகமாக ஒதுக்கிவைத்த மாற்றங்கள்) ரெஃப்லாகும் (பிராஞ்ச்கள் எங்கெங்கே நகர்ந்தன என்ற குறிப்பேடு) அந்தந்தக் கிளோனுக்கே உரியவை. ‘எல்லாம் சர்வரில் இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் ஒரு கிளோனை அழித்தபோது, இரண்டு நாள் உழைப்பு ஸ்டாஷோடு போனது. அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது. அதன்பின், ஸ்டேட்டஸையும் ஸ்டாஷ் பட்டியலையும் பார்த்து, எந்த ரிமோட்டிலும் (ஆரிஜின் போன்ற வெளி ரெப்போவிலும்) இல்லாத கமிட்டுகள் உள்ளூர் பிராஞ்ச்களில் உண்டா என்று சோதிக்காமல் எந்தக் கிளோனையும் நான் அழிப்பதில்லை.

2015 ஜூலையில் வெளியான கிட் 2.5இல் ஒர்க்ட்ரீ வந்தது. ஒரே ரெப்போவுக்குப் பல பணிக் கோப்புறைகள், பொதுவான ஸ்டாஷ், ஒரு முறை ஃபெட்ச் செய்தால் (சர்வரிலுள்ள புதிய மாற்றங்களை இறக்கினால்) எல்லாவற்றுக்கும் போதும் என்ற வசதிகளோடு, ஒரே பிராஞ்சை இரண்டு இடங்களில் திறக்க விடாத காவலும் அதில் உண்டு. பிறர் மாற்றங்களைப் பார்த்துவிட்டு அழிக்கும் குறுகிய வேலைக்கு அதுவே சிறந்தது என்று தெளிந்து, என் மூன்றாவது கிளோனைச் சென்ற ஆண்டு ஒர்க்ட்ரீயாக மாற்றிவிட்டேன். பழைய பதிப்புக்கான கிளோன் மட்டும் தனியாகவே தொடர்கிறது. அதற்கு வேறு ஹூக்குகளும் வேறு கான்ஃபிக்கும் வேண்டும். ஒர்க்ட்ரீயில் இவை இயல்பாகப் பொதுவானவை.