பெட்லைனர் உரிகிறதா? அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பெட்லைனர் என்பது பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் கீறலும் துருவும் வராமல் அடிக்கும் தடித்த கோட்டிங். பில்லில் இருந்தது ‘பாலியூரியா பெட்லைனர், வாழ்நாள் வாரண்டி’. வண்டி ஒரு டபுள் கேப் பிக்கப். ஆறாவது மாதம் சிமென்ட் மூட்டையை இழுத்து இறக்கும்போது தொட்டியின் தரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. கடைக்காரர் சொன்ன பதில்: “ஓவர்லோடு ஏத்தினா அப்படித்தான் சார்.” மூட்டை இழுபடும் என்பதற்காகத்தானே இந்தக் கோட்டிங்கே அடிக்கிறோம்!

நடந்தது என்ன என்று அந்த உரிந்த துண்டே சொல்லிவிடும். திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த வண்டியில் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டியில் கம்பெனி பெயிண்டும் பளபளப்புக் குறையாமல் அப்படியே இருந்தது. அதாவது சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கவே இல்லை. கழுவித் துடைத்துவிட்டு நேராக அடித்திருக்கிறார்கள். தேய்த்த பரப்பில் பிடித்த கோட்டிங் இப்படிச் சுத்தமாகக் கழன்று வராது. கீழே இருக்கும் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

பக்கச்சுவரில் உரிந்த இடம் வேறு கதை. அங்கே துண்டின் அடியில் செம்பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. கீறல் வழியாக இரும்பு தெரிந்த இடத்தில் பிரைமர் என்ற அடிக்கோட் வைக்காமல் மூடியிருக்கிறார்கள். மேலே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே துரு வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெறும் தகடே பரவாயில்லை, துரு கண்ணுக்காவது தெரியும்.

அடுத்து டீசல் சோதனை. வெள்ளைத் துணியில் டீசல் நனைத்து அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால் போதும். துணி தார் போலக் கறுத்தது. அடித்தது பெட்லைனருக்கு உரிய கெட்டியான பிளாஸ்டிக் வகைகளான பாலியூரியாவும் இல்லை, பாலியூரித்தேனும் இல்லை. வண்டியின் அடிப்பாகத்துக்கு அடிக்கும் பிடுமன் (தார்) அண்டர்பாடி கோட். அது கல் தெறிப்பைத் தாங்கவும் சத்தத்தைக் குறைக்கவும் செய்யப்பட்டது, அதனால் எப்போதும் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். வெயிலில் காயும் தொட்டியில் அடித்தால் இளகி, சாக்கு ஒட்டிக்கொள்ளும். இறுகவைக்கும் திரவம் கலந்து அடித்து, நன்றாகக் காய்ந்த இரண்டு பாகப் பாலியூரித்தேன் டீசலுக்குக் கரையாது.

‘பாலியூரியா’ என்ற சொல்லுக்கே தனியாக ஒரு எச்சரிக்கை. அசல் பாலியூரியா சாதாரண கம்ப்ரசரிலும் ஸ்பிரே கன்னிலும் அடிக்கக்கூடிய பொருள் இல்லை. இரண்டு திரவங்களைச் சுமார் 65 டிகிரிக்குச் சூடாக்கி, ஆயிரம் பிஎஸ்ஐக்கும் மேலான அழுத்தத்தில் தள்ளி, கன்னின் முனையில்தான் கலக்கவிடுவார்கள். சில வினாடிகளில் இறுகிவிடும். அதற்கு ஹீட்டர் வைத்த பெரிய மெஷினும் சூடேற்றிய ஹோஸும் வேண்டும். அந்த மெஷினைக் கண்ணால் பார்க்காமல் பாலியூரியா விலை கொடுக்காதீர்கள். கனமும் காட்டிக்கொடுக்கும்: மெஷினில் அடித்தது பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர் வரும், நாமே கலந்து அடிக்கும் பாட்டில் கிட்டில் அடித்தது அரை மில்லிமீட்டரைத் தொட்டாலே அதிகம். பழைய கார் வாங்குவோர் வைத்திருக்கும் பெயிண்ட் கனமானியை வைத்தால் தெரிந்துவிடும்.

இதற்கு நாமே அடித்துவிடலாமே என்றால், அடிக்கலாம். ஆனால் கிட் விற்பவர்களிடமும் ஒரு ஏமாற்று நடக்கிறது. ராப்டர் பிராண்ட் மாதிரி இரண்டு பாகக் கிட்டில் பாட்டிலுக்கு 750 மில்லி பொருள், அதோடு அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 250 மில்லி சேர்த்து ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். 3-க்கு 1. நான்கு பாட்டில் கிட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்பவர்கள் ஹார்ட்னர் டப்பாவைத் திறந்து சின்ன பாட்டில்களில் ஊற்றித் தருகிறார்கள். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். காற்றின் ஈரம் பட்டாலே வேலையைத் தொடங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் திறந்து ஊற்றிய ஹார்ட்னர் கலங்கலாகவோ, அடியில் வெள்ளைப் படிகமாகவோ, கூழாகவோ இருந்தால் அது செத்துப்போன சரக்கு. “தின்னர் ஊத்திக் கலக்குங்க, சரியாயிடும்” என்பார்கள். ஆகாது. கோட்டிங் வாரக்கணக்கில் நகம் பதியும் அளவுக்கு மெத்தென்றே கிடக்கும். சீல் உடையாத டப்பா மட்டும் வாங்குங்கள். பேட்ச் எண்ணையும் தேதியையும் திறக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? டபுள் கேப் தொட்டி தோராயமாக 5 அடிக்கு 5 அடி, ஒன்றரை அடி உயரம். தரை 25 சதுர அடி, நான்கு பக்கமும் டெயில்கேட்டோடு சேர்த்து 30. ஆக 55, தரையின் மடிப்புகளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு நான்கு பாட்டில் சரியாக இருக்கும். இதே அளவுத் தொட்டியை இரண்டு பாட்டிலில் முடிப்பதாகச் சொல்லும் கடை ஒரு கோட்தான் அடிக்கப்போகிறது.

வேலையில் முக்கால் பங்கு அடிப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். கொக்கி, போல்ட், டெயில்கேட் கேபிள் எல்லாம் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, கிரீஸ் ரிமூவரால் துடையுங்கள், அதற்குப் பிறகுதான் பேப்பர். வரிசையை மாற்றினால் மெழுகையும் எண்ணெயையும் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். பெட்ரோலில் துடைக்கும் பழக்கம் வேண்டாம், அதுவே எண்ணெய்ப் படலம் விடும். 180 முதல் 280 நம்பர் பேப்பர்; மூலைகளுக்கும் மடிப்புகளுக்கும் ஸ்காட்ச் பிரைட். ஒரு இடத்திலும் பளபளப்பு மிஞ்சக்கூடாது. இரும்பு தெரிந்த இடத்துக்கு எபாக்சி பிரைமர். இடுக்கில் சீலர் வைப்பதானால் பெயிண்ட் ஏறும் பாலியூரித்தேன் சீலர் வையுங்கள். யாரோ நல்ல எண்ணத்தில் அப்பிய குளியலறை சிலிகான் இருந்தால் முழுதாகச் சுரண்டி எடுங்கள், அதன் மேல் எதுவும் நிற்காது. தண்ணீர் வடியும் ஓட்டைகளை டேப்பால் மூடி, அடித்தபின் திறக்க மறக்காதீர்கள்.

அடிக்கும் அன்று மழை மேகம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். கம்ப்ரசர் தொட்டியின் தண்ணீரை இறக்கிவிட்டு, லைனில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் வையுங்கள். கோட்டிங்கில் குமிழி வர இந்தத் தண்ணீர் ஒரு காரணம். இன்னொன்று, ஒரே கோட்டில் தடிமனாக அடிக்கும் ஆசை. மேல்தோல் மூடிக்கொள்ள, உள்ளே மாட்டிய தின்னர் வெடித்து வெளியே வரும். பாட்டிலை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 40 முதல் 60 பிஎஸ்ஐ, ஒன்றரை அடித் தூரம். அழுத்தம் கூடினால் மணல் போன்ற பொடிச் சொரசொரப்பு, குறைந்தால் பெரிய பெரிய மேடு. முதல் கோட் மெல்லிசாக. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, குறுக்குவாட்டில். கலந்த பொருளுக்கு 20 டிகிரியில் சுமார் ஒரு மணி நேர ஆயுள். நம் வெயிலில் அதில் பாதி என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகக் கலக்குங்கள். டேப்பைப் பொருள் இறுகும் முன்பே உரித்துவிடுங்கள், விட்டால் ஓரம் கிழியும்.

மூச்சு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஐசோசயனேட் தூவலை என்95 மாஸ்க் தடுக்காது, கைக்குட்டை பற்றிப் பேசவே வேண்டாம். ஒருமுறை ஆஸ்துமா பிடித்தால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே இழுக்கும். குழாய் வழியாகச் சுத்தமான வெளிக்காற்று வரும் முகமூடி கிடைக்கவில்லை என்றால் ஸ்பிரே வேலையை விட்டுவிட்டு ரோலரில் உருட்டும் வகையை எடுங்கள், அதையும் திறந்த வெளியில், கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி, கையுறையோடு. அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாளில் இலேசாகப் பயன்படுத்தலாம், மூட்டை ஏற்ற ஏழு நாள். “சாயங்காலமே லோடு ஏத்தலாம்” என்று பாட்டில் கிட்டுக்குச் சொல்பவர் பொருளைப் பற்றித் தெரியாதவர், அல்லது தெரிந்தே சொல்பவர்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பில்லில் பொருளின் பெயர் எழுதியிருந்தால் அதுவே ஆதாரம். உரிந்த துண்டு, டீசல் துணி, உரிந்த இடத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். பில்லில் வெறும் ‘கோட்டிங் வேலை’ என்றிருந்தால் வாதாடுவது கஷ்டம். புதிதாக அடிப்பதற்கு முன் பிடுமனைச் சொட்டு மிஞ்சாமல் எடுத்தாக வேண்டும்: முதலில் பிளாஸ்டிக் ஸ்கிராப்பர், பிறகு டீசல், அந்த டீசலைப் போக்க சோப்புத் தண்ணீர், கடைசியில் கிரீஸ் ரிமூவர். மிஞ்சினால் பழுப்புக் கறையாகப் புதுக் கோட்டின் வழியே மேலே ஊறி வரும்.