கொள்ளையன் கதை என்று வாங்கினேன், பாகப்பிரிவினை கேட்டேன்

பதினெட்டாம் நூற்றாண்டில் மும்பைக்குத் தெற்கே உள்ள கொங்கணக் கடற்கரையில் கப்பல்களைப் பிடித்த மராத்தியத் தலைவன் துளாஜி ஆங்கரேயைப் பற்றிய தமிழ் ஒலித்தொடர் ஒன்றைக் காசு கட்டிக் கேட்டு முடித்தேன். முகப்புப் படத்தில் ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்த ஒரு முரடன், கையில் வாள், பின்னால் எரிகிற கப்பல். அந்தப் படத்தை வரைந்தவர் தொடரைக் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். இந்தக் கதையில் கண் போவது துளாஜிக்கு அல்ல; அவனுடைய சகோதரனுக்கு. குத்தியவன் இன்னொரு சகோதரன். அதைக் கேட்ட பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஆற்காட்டில் பிறந்தவள். வேலூரில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தையலுக்கு நடுவே கேட்பதற்கு எது தோது, எது தோதில்லை என்று எனக்குத் தெரியும். பாட்டு தோது. பேய்க்கதை ஆகாது, உதவிக்கு இருக்கும் பெண் கத்தரியைக் கீழே போட்டுவிடுகிறாள். வரலாறு தோதுப்படுமா என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன். விளம்பரத்தில் ராபர்ட் கிளைவின் பெயர் இருந்ததும் ஒரு காரணம். ஆற்காட்டுக்காரர்களுக்குக் கிளைவ் என்றால் பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி வாசல். அந்த ஆள் கொங்கணக் கடற்கரையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதலில் ஒலியைப் பற்றி. கதை சொல்பவருக்கு நல்ல குரல், சந்தேகமில்லை. ஆனால் சதி என்று வந்தால் குரலைத் தாழ்த்தி ரகசியம் பேசத் தொடங்கிவிடுகிறார். இந்தக் குடும்பத்தில் சதி இல்லாத இடமே கிடையாது. ஆகவே பாதித் தொடர் ரகசியம்தான். மோட்டார் வைத்த தையல் இயந்திரம் ஓடும்போது ஒரு சொல்லும் காதில் விழாது. ஒலியைக் கூட்டி வைத்தால் அடுத்த நொடியே அலைச் சத்தமும் பீரங்கியும் வந்து வாடிக்கையாளரைத் திடுக்கிட வைக்கின்றன. முதல் பகுதியில் ஒரு மனிதன் பேசியதைவிடக் கடல் அதிகம் பேசியது.

தகப்பன் கானோஜியின் கதையை வேகமாக முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. மராத்தியக் கடற்படைக்குத் தலைவர், சர்கேல் என்ற பட்டம். அலிபாக் எதிரே கடலுக்குள் நிற்கும் கொலாபாக் கோட்டை, கீழே விஜயதுர்க், நடுவில் சுவர்ணதுர்க். தன் அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கரையோரம் போன கப்பலைப் பிடித்தார். போர்ச்சுகீசியரும் அதே கடலில் அதே மாதிரிச் சீட்டு விற்றவர்கள்தாம், ஆனால் கொள்ளையர் என்ற பெயர் கானோஜிக்கு மட்டும் வந்தது என்று தொடர் போகிற போக்கில் சொல்கிறது. நல்ல இடம், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். 1721-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து கொலாபாவைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார்கள். கானோஜி 1729-இல் இறந்தார். இதுவரை இரண்டு பகுதிகள்.

மூன்றாவதில்தான் களைகட்டுகிறது. கானோஜிக்கு மனைவியர் பலர், பிள்ளைகள் பலர்: சேகோஜி, சம்பாஜி, மானாஜி, ஏசாஜி, துளாஜி என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யார் யாருக்கு என்ன முறை என்பது புரியாமல், வெட்டு மேசைமேல் துணிச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டேன். செயலியில் ஒரு வம்சாவளிப் படம் வைக்க என்ன செலவாகிவிடும்? மூத்தவர் சேகோஜி இருந்தவரை வீடு ஒன்றாக இருந்தது. 1733-இல் அவரும் இறந்தார். உடனே சம்பாஜிக்கும் மானாஜிக்கும் முட்டிக்கொண்டது. சம்பாஜி கொலாபாவை ஏசாஜியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். மானாஜி போர்ச்சுகீசியரின் துணையோடு கோட்டைக்குள் ஏறி ஏசாஜியைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கிவிடுகிறார். தகப்பனை எதிர்த்துக் கப்பல் அனுப்பிய போர்ச்சுகீசியரை, தகப்பனின் கோட்டைக்குள்ளேயே அழைத்துவந்த மகன்!

இந்த இடத்தில் கதை சொல்பவர் கத்தவில்லை, பின்னணி இசை இல்லை, அலையும் இல்லை. நேராகச் சொல்லிவிட்டு நகர்கிறார். உதவிக்கு இருக்கும் பெண் கொக்கி வைப்பதை நிறுத்திவிட்டு, "அக்கா, சொந்தத் தம்பியையா?" என்று கேட்டாள். மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்ததைக் காட்டினேன். "தாய் வேறாக இருந்தால் மட்டும் பரவாயில்லையா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. தொடரின் எழுத்தாளர் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கலாம்.

பிறகு பஞ்சாயத்து. 1735-இல் மராத்திய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா பாஜிராவ் வந்து சொத்தைப் பிரிக்கிறார். கொலாபா மானாஜிக்கு, வஜாரத்மாப் என்ற புதுப் பட்டத்தோடு. விஜயதுர்க்கும் தெற்கும் சம்பாஜிக்கு, தகப்பனின் சர்கேல் பட்டத்தோடு. எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பங்கு பிரித்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது மனப்பாடம்: முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிட்டுப் போகிற பெரிய மனிதருக்கு, இரு தரப்பும் இனி தன்னிடமே வந்து நிற்க வேண்டும் என்ற கணக்கு இருக்கும். பேஷ்வாவுக்கும் அது இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தொடர் அவரை நடுநிலையான பெரியவராகவே காட்டுகிறது. ஆனால் 1740-இல் சம்பாஜி கொலாபாவை முற்றுகையிட்டபோது மானாஜி பேஷ்வாவின் மகனையும் பம்பாயிலிருந்து ஆங்கிலக் கப்பல்களையும் உதவிக்கு அழைத்தார், இருவரும் வந்தார்கள். பிரிந்த வீட்டுக்கு உதவ வருகிறவர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு இந்தப் பகுதிகள் புதிதாக இராது. நம் கோட்டைக்குள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆற்காட்டு நவாப் சப்தர் அலி, மராத்தியருக்குக் கட்டவேண்டிய பணத்தில் பங்கு கேட்டு வேலூர்க் கோட்டைக்கு வந்தார். கோட்டைத் தலைவர் முர்த்தசா அலி அவருக்கு உறவினர், சகோதரியின் கணவர் வேறு. முதலில் விஷம், அது பலிக்காமல் கத்தி. 1742-இல் மைத்துனர் வீட்டில் நவாப் கதை முடிந்தது. முர்த்தசா அலி ஆற்காட்டில் போய் நவாப் என்று உட்கார்ந்தும் நிலைக்கவில்லை. பெண் வேடத்தில் மூடுபல்லக்கில் வேலூருக்குத் தப்பி வந்தார் என்பார்கள். இதற்கு யாராவது ஒலித்தொடர் செய்தால் முதல் ஆளாகக் காசு கட்டுவேன். கோட்டையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே 1742-இல்தான் கொங்கணத்தில் சம்பாஜி இறந்து துளாஜி தலைவனாகிறான். ஆறாம் பகுதியிலிருந்து அவனே நாயகன். இங்கேதான் தொடர் சறுக்குகிறது. நயமாகப் போய்க்கொண்டிருந்த எழுத்து திடீரென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுகிறது. துளாஜி வாயைத் திறந்தால் உறுமல், சிரித்தால் இடி. கொடியவன் என்று எத்தனை முறை சொன்னாலும் கொடுமை விளங்காது. செய்ததைச் சொன்னால் போதும். அவன் செய்ததற்குப் பஞ்சமா? 1749-இல் ஆங்கிலக் கம்பெனியின் 'ரெஸ்டோரேஷன்' என்ற போர்க்கப்பலைப் பிடித்துத் தன் துறைமுகத்தில் கட்டிப்போட்டான். டச்சுக் கப்பலையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பேஷ்வாவுக்கு அடங்க மறுத்தான். முதல் இரண்டுக்கும் ஐரோப்பியர் கோபப்பட்டார்கள். மூன்றாவதுதான் அவனை முடித்தது. 1755-இல் பேஷ்வா ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கம்பெனியின் கடற்படைத் தளபதி ஜேம்ஸ் சுவர்ணதுர்க்கை உடைத்தான். மானாஜியின் வீடு துளாஜியின் பக்கம் நிற்கவில்லை. இத்தனையும் வைத்துக்கொண்டு உறுமல் எதற்கு?

கிளைவ் எட்டாம் பகுதியில் வருகிறான். நான் காத்திருந்த ஆள். "இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரி" என்று அறிமுகம் செய்கிறார்கள், ஏதோ நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவன் போல. 1751-இல் ஏறக்குறைய 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியவன் அவன். வேலூரிலிருந்து முர்த்தசா அலியின் ஆட்களும் முற்றுகையிட்டவர்களோடு சேர்ந்து நின்றார்கள். உள்ளூர் உறவினர் ஒருவரை ஒருவர் அறுத்துக்கொள்ளும் நேரத்தில் நடுவே புகுவதை அவன் கற்ற பள்ளிக்கூடம் நம் ஊர். இதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் விஜயதுர்க் பகுதிக்கு வேறு கனம் வந்திருக்கும். தமிழில் தொடர் எடுத்துவிட்டு ஆற்காட்டை மறந்தால் எப்படி?

போர் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. 1756 பிப்ரவரி, ஆங்கிலேய அட்மிரல் வாட்சனின் கப்பல்கள் விஜயதுர்க் துறைமுகத்துக்குள் வரிசையாக நுழைகின்றன. ஒரு குண்டு 'ரெஸ்டோரேஷன்' மேல் விழுந்து தீப்பிடிக்கிறது. பக்கத்தில் கட்டியிருந்த ஆங்கரே கப்பல்களுக்குத் தீ தாவுகிறது. பிடித்துவந்த கப்பலே தன் கப்பல்களை எரித்த கதையைத் தொடர் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறது, இங்கே பாராட்ட வேண்டும். துளாஜி அப்போது கோட்டையில் இல்லை. பேச்சுவார்த்தைக்கென்று மராத்தியர் பாளையத்துக்குப் போனவன் அங்கேயே கைதியாகிவிட்டான். சாகும்வரை பேஷ்வாவின் சிறைகளில். கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 10 லட்சம் ரூபாயை ஆங்கிலேயர் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். கூட்டாளிகளான மராத்தியருக்குக் கால்காசு தரவில்லை.

கோட்டைக்குள் துளாஜியின் தாய், மனைவியர், குழந்தைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தொடர் ஒதுக்கியது அரை நிமிடம். வாட்சனோடு வந்த கப்பல் மருத்துவர் ஒருவர் இதை எழுதிவைத்திருக்கிறார்: எங்களுக்கு அரசன் இல்லை, எனக்கு மகன் இல்லை, பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லை என்று அந்தத் தாய் அழுகிறாள். இனி என்னைத் தகப்பனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் வாட்சன். ஆறு வயதுப் பையன் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் நீங்கள்தான் என் அப்பா என்கிறான். கோட்டையை உடைத்தவனிடம்! இதற்கு ஒரு முழுப் பகுதி எடுத்திருக்க வேண்டும். அவர்களோ கப்பல் எரியும் சத்தத்துக்கு மட்டும் நாலு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். மூன்று முதல் ஐந்து வரையிலான பகுதிகளுக்காகவே கொடுத்த பணம் சரி. காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர்களுக்கு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஏசாஜி வரும் பகுதியைத் தனியே கேட்பது நல்லது. இன்னொன்று: இலவச வாரம் முடிந்ததும் ஆண்டுச் சந்தாவைக் கேட்காமலே வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் மூன்றாம் பக்கத்தில், சாம்பல் நிற எழுத்தில் இருக்கிறது. வாங்கிய அன்றே அதை அணைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள்.