தரையடிச் சூடாக்கல் குழாய்களைத் தெர்மல் கமராவால் சோதிக்க ஆள் அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

யேர்மனியில் தரையடிச் சூடாக்கல் உள்ள வீடுகளில் வசிக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூட்டை வண்ணப் படமாகக் காட்டும் தெர்மல் கமராவுடன் வரும் ஒருவர், தரைக்கடியில் குழாய் கசிகிறது என்பதற்கு ஒரு வண்ணப் படத்தை மட்டும் காட்டி, அந்த இடத்தை உடைக்க வேண்டும் என்று சொன்னால், வேறொரு முறையாலும் அது உறுதியாகும்வரை தரையில் பதித்த ஓடு ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள். கடந்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நன்றாக இருந்த தரை இரண்டு இடங்களில் உடைக்கப்பட்டது; கசிவோ தரைக்கடியில் எங்குமே இருக்கவில்லை.

எங்கள் கொதிகலனின் அமுக்கமானி, தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது 1.5 பார் காட்ட வேண்டும். அது திரும்பத் திரும்ப 1 பாருக்குக் கீழே இறங்கியது. தண்ணீர் நிரப்பினால் சில நாட்கள் நிற்கும், பிறகு மறுபடியும் இறங்கும். சுவரிலோ தரையிலோ ஈரம் தெரியாததால், உடைக்காமலே கசிவைக் கண்டுபிடிப்பதாக விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தை என் கணவர் அழைத்தார். வந்தவர் கைத்தொலைபேசியில் பொருத்தும் சிறிய கமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வீடு காலையிலிருந்தே வழக்கம்போல் சூடாகிக்கொண்டிருந்தது. குழாய்கள் பிரிந்து செல்லும் பகிர்வுப் பெட்டியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அறை அறையாக நடந்தார், நடைவழியில், அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று, நெருப்புப் பிடித்ததுபோல் சிவந்திருந்த ஒரு திட்டைக் காட்டி, "இதுதான் இடம். இன்றைக்கே திறக்காவிட்டால் கீழ்த்தளத்துக்கும் தண்ணீர் இறங்கிவிடும்" என்றார். சோதனைக்கான பணத்தை அங்கேயே கையில் தரும்படியும் கேட்டார்.

அவரது கூட்டாளி மறுநாள் வந்து ஓடுகளை வெட்டி, கீழே இருந்த சீமெந்துப் படையை உடைத்தார். உள்ளே தூள் பறந்தது. குழாயைச் சுற்றிச் சொட்டு ஈரம் இல்லை. அப்படியானால் சற்றுத் தள்ளித்தான் கசிகிறது என்று சொல்லி இன்னோர் இடத்தையும் திறந்தார்கள். அங்கும் அதே காய்ந்த சீமெந்துதான்.

உண்மையான காரணத்தைக் கண்டவர், பின்னர் நாங்கள் அழைத்த வேறொரு வெப்பமூட்டல் மாஸ்டர். அவர் முதலில் பகிர்வுப் பெட்டியில் ஒவ்வொரு குழாய்ச் சுற்றையும் தனித்தனியாக மூடி அமுக்கம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் முள் அசையவில்லை. பிறகு கொதிகலனுக்கு அருகில் இருக்கும் சிவப்பு நிற விரிவுத் தொட்டியிடம் போய், சைக்கிள் ரியூப்பில் இருப்பது போன்ற அதன் சிறிய வால்வின் ஊசியை அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் றப்பர்ச் சவ்வு கிழிந்துவிட்டதால், தண்ணீர் சூடாகி விரியும்போது அதற்கு இடமில்லாமல் அமுக்கம் ஏறி, 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு வழியாகக் கழிவுக் குழாய்க்குள் ஓடியிருக்கிறது. குளிர்ந்ததும் முள் இறங்கியதற்குக் காரணம் அதுதான். அந்தத் தொட்டியை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

அப்படியானால் அந்தச் சிவப்புத் திட்டு என்ன? எல்லா அறைகளுக்கும் போகும் குழாய்கள் பகிர்வுப் பெட்டியிலிருந்துதான் புறப்படுகின்றன. ஆகவே அதன் முன்னால் குழாய்கள் நெருக்கமாக ஓடும், அந்த இடம் எப்போதும் மற்ற இடங்களைவிடச் சூடாகவே இருக்கும். தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தெர்மல் கமரா தரையை ஊடுருவிப் பார்ப்பதில்லை. 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே அது அறிகிறது. குழாய்க்கு மேலே சுமார் 45 மில்லிமீற்றர் சீமெந்தும் அதன்மேல் ஓடும் இருக்கும்போது, பல மணிநேரம் ஓடிய சூடு ஈரத்துணியில் மை ஊறுவதுபோல் பக்கவாட்டில் பரவி, குழாய்களின் கோடுகளை மங்கச் செய்துவிடும். அதனால்தான் சரியாகச் செய்பவர்கள் முதலில் சூடாக்கலை நிறுத்தித் தரையைக் குளிரவிட்டு, பிறகு ஒரு நேரத்தில் ஒரு சுற்றுக்கு மட்டும் சூடான தண்ணீரைத் திறந்து, கோடுகள் தெளிவாகத் தோன்றும் ஆரம்ப நேரத்தில் அடுத்தடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் அகன்று திட்டாகப் பரவினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அப்போதும் அது சந்தேகம் மட்டுமே.

வண்ணத்தை நம்பவே கூடாது. இந்தக் கமராக்கள் காட்சியில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலைக்கு நீலத்தையும் மிக உயர்ந்ததற்குச் சிவப்பையும் தாமாகவே கொடுப்பதால், இரண்டு பாகை வித்தியாசம்கூட எரிமலைபோல் தெரியும். எங்களுக்குத் தந்த அறிக்கையில் இருந்த படங்களில் பாகை அளவைக் காட்டும் பக்கப்பட்டை வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் பதிந்திருக்கும் மூலக் கோப்புகளைக் கேட்டோம், தர மறுத்துவிட்டார்கள். இது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தருகிறது. பளபளப்பான ஓடுகளில் அருகில் நிற்பவரின் உடற்சூடுகூடப் பிரதிபலித்துப் படத்தில் திட்டாக விழும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஆகவே ஆளை அழைக்கும்போதே, ஒவ்வொரு சுற்றுக்கும் அமுக்கச் சோதனை செய்வாரா, விரிவுத் தொட்டியையும் பாதுகாப்பு வால்வையும் முதலில் பார்ப்பாரா, மூலக் கோப்புகளைத் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு சுற்றில் அமுக்கம் உண்மையிலேயே இறங்கினால், அதிலிருந்து தண்ணீரை வெளியேற்றி, 5 வீதம் ஹைட்ரஜனும் 95 வீதம் நைட்ரஜனும் கலந்த, தீப்பற்றாத வாயுவைச் செலுத்தி, தரைக்கு மேலே வரும் ஹைட்ரஜனை உணரியால் தேடும் முறை உண்டு. கமரா காட்டும் இடமும் வாயு காட்டும் இடமும் ஒன்றானால் உடைப்பதில் நியாயம் இருக்கிறது. நீர்க்குழாய்ச் சேதத்தையும் உள்ளடக்கிய கட்டடக் காப்புறுதி இருந்தால், ஆளை அழைப்பதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பணத்தைக் கையில் கேட்டால் கொடுக்காதீர்கள்: கைவினைஞர் வேலைக் கூலியில் 20 வீதத்தை, ஆண்டுக்கு 1200 யூரோ வரை, வருமான வரியில் கழிக்கும் சலுகை, முறையான பற்றுச்சீட்டும் வங்கி வழியான கொடுப்பனவும் இருந்தால்தான் கிடைக்கும்.

யாருடைய வீட்டிலாவது தரை ஏற்கெனவே திறந்து கிடந்தால், உடைத்தவர்கள் சீமெந்து போட அவசரப்படுத்தினாலும் பொறுக்கச் சொல்லுங்கள். காய்ந்திருக்கும் குழியையும் குழாயையும், இரண்டு சுவர்களிலிருந்து அளவுநாடா வைத்துத் தூரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, வெட்டும்போது குழாயில் கீறல் விழவில்லை என்பதை அமுக்கம் கொடுத்துச் சோதித்து, அதை அவர்களிடமே எழுத்தில் வாங்கிய பிறகு மூட விடுங்கள்.