மழைநீர்த் தொட்டி: தங்கைக்குச் சொன்ன பதில்

ஒட்டுசுட்டானில் வீடு கட்டும் தங்கை போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, மழைநீர்த் தொட்டி கட்டுவது பிரயோசனமா?" அந்த நேரம் நான் எங்கள் தொட்டிக்குள் குந்தியிருந்து வெடிப்புக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தேன்.

2017 வறட்சியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்துக் காத்திருந்து அலுத்துப்போய், கிளிநொச்சி வீட்டில் கட்டியது இது. 8,000 லீற்றர். கணக்கில் பிழையே இல்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். எங்கள் ஓட்டுக் கூரை 60 சதுர மீற்றர். சிந்துவது போனாலும், நாலைந்து பெருமழையில் நிறைந்துவிடும்.

தண்ணீரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கிணற்று நீர் கொதித்த கேத்திலில் வெள்ளையாகப் படியும் உப்பை அம்மா பழப்புளி போட்டுத் தேய்ப்பார். இப்போது தேய்க்க எதுவும் இல்லை. பருப்பு விரைவாக அவிகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிணறு சேற்றில் மூழ்கியபோது, நாலு வீட்டுக்காரர் இந்தத் தொட்டியில்தான் குடம் நிரப்பினார்கள்.

ஆனால் அந்த முதல் மழைக் குழாய்! கோடை முழுதும் கூரையில் காய்ந்த காக எச்சமும் வேப்பஞ்சருகும் முதல் மழையோடு பீலியில் இறங்கும். குழாயின் அடிமூடியைக் கழற்றி அதை வெளியே ஓடவிட்டு, பிறகு மூட வேண்டும். மழையோ நள்ளிரவில் வருகிறது. போன ஐப்பசியில் நான் வவுனியாவில் நின்றேன். மூடியை யாரும் கழற்றவில்லை. தேநீர் நிறத்தில் அரைத் தொட்டித் தண்ணீர். முழுவதையும் தென்னைக்கு இறைத்தோம்.

கட்டித் தந்தவர்கள் இதை எச்சரிக்கவில்லை. அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும், முற்றாகக் காய்ந்தால் சுவர் வெடிக்கும் என்பதையும் சொல்லவில்லை. இந்த ஆடியில் தம்பி குடும்பமும் வந்து நின்றதால் கடைசிக் குடம்வரை அள்ளிவிட்டோம். ஆவணியில் சுவரில் தலைமயிர் அளவு கோடு.

தங்கையிடம் "கட்டாதே" என்று சொல்லிவிட்டேன். அவள் கூரைக்கு மேல் பாலை மரம் கவிந்து நிற்கிறது, மச்சானுக்கோ இரவு வேலை. மூடியைக் கழற்ற யார் எழும்புவது? பாதி ஆத்திரத்தில் சொன்னதுதான், ஆனாலும் மாற்றிச் சொல்ல எண்ணமில்லை.

எங்கள் தொட்டிச் சுவரில் ஈரச் சாக்குப் போட்டிருக்கிறேன். ஐப்பசி பிறக்கும் முன் பூச்சு இறுகிவிட வேண்டும்.