நாயா, கம்பியா?

ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் போட்டவரிடம் போய், தோட்டத்தைக் கிண்டும் காட்டுப்பன்றியைக் கொல்வது பாவம் என்றால் மண்வெட்டியால்தான் பதில் வரும், அதனால் அந்தப் பேச்சை விடுவோம். எப்படிக் கொல்வது என்பதுதான் கேள்வி.

நாயோடு போகிறவர் விலங்கை நேரே பார்க்கிறார். குட்டியோடு நிற்கிறதா, பன்றிதானா மரையா என்று பார்த்து நாயைத் திருப்பிக் கூப்பிடலாம் (கூப்பிட்டால் நாய் வருமா என்பது வேறு கதை). சுத்தமான சாவு என்று சொல்லமாட்டேன். பன்றி கடிபட்டுத்தான் சாகிறது, நாய்க்கும் வயிறு கிழிகிறது. பெரியப்பா தன் நாயைச் சாக்கு ஊசியால் தைத்தபோது நான்தான் டோர்ச் பிடித்தேன்.

சுருக்குக் கம்பிக்குக் கண் இல்லை. பன்றி நுழைந்து நுழைந்து மண் மினுங்கிப்போன வேலிப் பொட்டில் மோட்டார் சைக்கிள் கேபிளைக் கட்டிவிட்டு வீட்டில் படுக்கலாம். கழுத்தில் விழாமல் இடுப்பில் விழுந்தால் இழுக்க இழுக்க இறுகும், நாட்கணக்கில் கிடக்கும். 2020இல் மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கம் கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் அது பிழைக்கவில்லை. மானும் மரையும் சட்டப்படி தொடக்கூடாதவை, ஆனால் கம்பிக்கு அது எப்படித் தெரியும்?

கட்டுத்துவக்கு (கட்டிய கம்பியில் பட்டதும் தானாக வெடிக்கும் துவக்கு) இன்னும் மோசம், பாலைப்பழம் பொறுக்கப் போகிற ஆளின் காலும் போகும். தீனிக்குள் மறைத்து வைக்கும் வெங்காய வெடி யானைக்குட்டியின் வாயைக் கிழிக்கும், பிறகு பட்டினிதான்.

எனக்கு நாய்தான். இல்லை, கம்பிதான் கட்டுவேன் என்கிறீர்களா? சரி, விடிய முதல் எழும்பிப் போய்ப் பாருங்கள், தோட்டம் முடிந்ததும் கழற்றுங்கள்.